சுகர் கால்களுக்குச் செருப்பும் சாக்ஸும்: ‘வசதியா இருக்கு’ என்பதை ஏன் நம்பக்கூடாது?

வேலூர்ப் பக்கம் பல செருப்புக் கடைகளில் இப்போது ‘டயாபடிக்’ என்று எழுதிய செருப்புகளைத் தனியாக அடுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ‘ஆர்த்தோ’, ‘டாக்டர்’, ‘அக்குபிரஷர்’. மருந்துக் கடைக்குப் போனால் ‘டயாபடிக் சாக்ஸ்’ வேறு. எதை எடுப்பது என்று குழம்பி நிற்பவரிடம் கடைக்காரர் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: “போட்டு நாலு அடி நடந்து பாருங்க, வசதியா இருந்தா எடுத்துக்கோங்க.”

மற்றவர்களுக்கு இது நல்ல யோசனை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு ஆபத்தான யோசனை. கடிக்கிறதா, இறுக்குகிறதா என்று சொல்ல வேண்டிய நரம்பே அவருக்குப் பழுதாகியிருக்கிறது. அவருடைய செருப்பைக் கண்ணும் கையும் அளவும் தேர்ந்தெடுக்க வேண்டுமே தவிர, காலிடம் அபிப்பிராயம் கேட்கக் கூடாது.

மரத்த பாதத்தில் நடப்பது என்ன?

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும். உடம்பிலேயே நீளமானவை கால்விரல் நுனிவரை போகிற நரம்புகள். மதமதப்பும் எரிச்சலும் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுவது அதனால்தான். கெடுகிற நரம்புகளில் மூன்று வகை உண்டு.

1. உணர்வு நரம்பு. வலி, சூடு, அழுத்தம் எதுவும் தெரியாது. சிலருக்கு எரிச்சல் இருக்கும், உணர்வு இருக்காது. எரிகிறதே, அப்படியானால் நரம்பு உயிரோடுதானே இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.
2. தசை நரம்பு. பாதத்துக்குள் இருக்கும் சிறு தசைகள் வலுவிழந்து விரல்கள் மடங்கி நிற்கும். விரல் கணுக்கள் மேலே எழும்பி ஷூவின் மேல்பகுதியில் உரசும். அடியில் முன்பாதத்து எலும்பு முனைகள் துருத்திக்கொண்டு தரையில் அழுந்தும்.
3. வியர்வை நரம்பு. பாதம் வியர்க்காமல் வறண்டு, குதிகால் வெடிக்கும். வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும்.

இவற்றோடு காலுக்கு வரும் ரத்தக் குழாயும் சுருங்கியிருந்தால், சின்னக் கொப்புளம்கூட ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும். சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களின் கதை, முதலில் அலட்சியம் செய்த ஒரு புண்ணில்தான் தொடங்கியிருக்கும்.

செருப்பு இந்தப் பாதத்தைக் கெடுக்கிற வழிகளும் மூன்று. வாங்கும்போது பார்க்க வேண்டிய எல்லாமே இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன.

1. குத்து. ஆணி, கண்ணாடித் துண்டு, சீமைக் கருவேல முள். தோல் அந்த நிமிடமே கிழியும்.
2. இறுக்கம். அழுத்தம் குறைவுதான், ஆனால் மணிக்கணக்கில் விடாமல் இருக்கும். அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் தோல் செத்துப்போகும். சுண்டுவிரல் பக்கவாட்டிலும் கட்டைவிரல் மூட்டிலும் வரும் புண்கள் பெரும்பாலும் இந்த வகை.
3. திரும்பத் திரும்ப விழும் மிதமான அழுத்தம். ஒரு தடவை மிதித்தால் ஒன்றும் ஆகாது. அதே இடத்தில் நாளுக்குச் சில ஆயிரம் தடவை மிதித்தால் உள்ளே தசை நசுங்கும். உணர்வு உள்ளவர் தன்னையறியாமலே சற்று நொண்டி, எடையை இடம் மாற்றிக்கொள்வார். மரத்த காலுக்கு அது தெரியாது. அந்த இடத்தில் முதலில் தோல் காய்த்துத் தடிக்கும். தடித்த தோல் கல் மாதிரி உள்நோக்கி அழுத்த, மேலே ஒன்றுமில்லாதது போலிருக்கும்போதே அடியில் புண் ஆகியிருக்கும்.

மரத்த கால் உள்ளவர்கள் பெரும்பாலும் தங்கள் அளவைவிடச் சின்னச் செருப்பையே கேட்டு வாங்குவார்கள். சரியான அளவு அவர்களுக்கு ‘லூசாக’, கழன்று விழுவது போலத் தெரியும். இறுக்கிப் பிடித்தால்தான் ஏதோ போட்டிருக்கிறோம் என்ற உணர்வே வரும். ‘கச்சிதமா இருக்கு’ என்று சந்தோஷமாகச் சொன்னால் ஒரு அளவு பெரியதை எடுத்துப் பார்ப்பது நல்லது.

வேலூருக்கு இது புதிய பாடமல்ல

உணர்வற்ற காலுக்குச் செருப்பு செய்வது பற்றி உலகம் கற்றதில் கணிசமான பகுதி இந்த மாவட்டத்திலிருந்து போனது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுகின்றன என்று எல்லாரும் நம்பிய காலம் அது. அவர் கண்டது வேறு: வலி தெரியாததால் அன்றாடம் படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன.

அவருடைய நோயாளிகளில் சிலருக்குக் காலையில் எழும்போது விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். இரவில் காவலிருந்து பார்த்தபோது எலி கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. தூங்குபவருக்கு அது உறைக்கவே இல்லை. அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் இது பொருந்தும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களின் மரத்த காலை எலி கடிப்பது நம் நாட்டில் மருத்துவர்கள் பார்த்து வரும் விஷயம்தான். இரவில் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மையமும் சிஎம்சியும் சேர்ந்து பரவலாக்கியதுதான் எம்சிஆர் செருப்பு. மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம் அது. கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் மேலே, முள் ஏறாத கெட்டியான சோல் கீழே. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இதே அணுகுமுறை சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நோய் வேறு என்றாலும் உணர்வை இழந்த பாதம் புண்ணாகும் விதம் ஒன்றுதான்.

இந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எம்சிஆர் செருப்பைப் போட்டால் அக்கம்பக்கத்தார் தொழுநோய் என்று நினைப்பார்கள் என்று மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சங்கடம் புரிகிறது. அதே ரப்பர் இன்சோலை வைத்து, பார்க்க சாதாரணமாக இருக்கும் சாண்டலாகவோ ஷூவாகவோ தைத்து வாங்கிக்கொள்ளலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலும் ஷூவும் தொழிலாக இருக்கும் வட்டாரத்தில் தைப்பதற்கு ஆள் கிடைக்காமல் போகாது.

வாங்கப் போகும் முன்: உணர்வு இருக்கிறதா?

மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பார்கள். சர்க்கரை உள்ள எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். வீட்டிலும் ஒரு எளிய சோதனை உண்டு. சோதிக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். இன்னொருவர் இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளைத் தன் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதம் உணர்வை இழந்து வருகிறது என்று பொருள்.

ஆறும் தெரிகிறது, காலில் கோணல் இல்லை, ரத்த ஓட்டமும் சரி என்றால் விசேஷச் செருப்பு எதுவும் தேவையில்லை. அளவு சரியான, மூடிய அல்லது பின்வார் வைத்த சாதாரணக் காலணி போதும். ‘டயாபடிக்’ என்ற எழுத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். இனி சொல்லப்போவது உணர்வு குறைந்தவர்களுக்கு.

செருப்பை அளந்து வாங்குவது எப்படி?

மாலையில் போங்கள், அந்நேரம் கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் இறுக்கும். நின்றுகொண்டே அளக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது பாதம் குறுகலாக இருக்கும், எடை விழுந்ததும் விரியும்.

1. வீட்டிலேயே ஒரு தாளில் நின்று, இன்னொருவரைக் கொண்டு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தின் ஓரத்தை வரையச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. ஒன்று பெரிதாக இருந்தால் அதுதான் அளவு.
2. வரைந்ததை வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். காலணியின் இன்சோலை உருவி அதன்மேல் வையுங்கள். தாள் எந்தப் பக்கமாவது வெளியே நீட்டினால் அந்தக் காலணி வேண்டாம். பிதுங்கி நிற்கும் அந்த ஓரத்தில்தான் நாளைக்குப் புண் வரும்.
3. நீளமான விரலுக்கு முன்னால் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். அதைக் கவனியுங்கள்.
4. அகலம், முன்பாதத்தின் மிக அகலமான இடத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஷூவில் அச்சிட்ட எண் நீளத்தைத்தான் சொல்கிறது. அகலத்துக்காக ஒரு எண் பெரியதை வாங்கினால் குதிகால் உள்ளே ஆடி உரசும். அகலமான அச்சில் செய்ததைத் தேடுவதுதான் வழி.
5. உயரம். மடங்கிய விரல்கள் மேல்பகுதியைத் தொடக் கூடாது. கையை உள்ளே விட்டு, கூரைக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பாருங்கள். உள்ளே தையல் மடிப்பு, முரட்டு ஓரம், பசை உருண்டை இருந்தாலும் அதே கைக்குத் தட்டுப்படும்.

அடுத்தது அடிப்பகுதி. மிருதுவாக இருந்தாலே நல்லது என்பது பாதி உண்மைதான். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல எழும்பும் ஃபோம் கடையில் சுகமாகத் தெரியும். சில வாரங்கள் ஆள் எடை விழுந்ததும் அது தட்டையாகிவிடும். பிறகு இருப்பதும் இல்லாததும் ஒன்று. நல்ல எம்சிஆரைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிதுக்கினால் நன்றாக அமுங்கும், விட்டதும் உடனே பழைய தடிப்புக்கு வரும். பழைய செருப்பில் முன்பாதமும் குதிகாலும் விழும் இடங்களை இப்படிப் பிதுக்கிப் பாருங்கள். எழும்பவில்லை என்றால், மேலே தோல் புதிதாகப் பளபளத்தாலும், செருப்பின் ஆயுள் முடிந்தது. கீழ்ச் சோல் இதற்கு நேரெதிராக, கெட்டியாகவும் கையால் முறுக்கினால் எளிதில் திருகிக்கொள்ளாததாகவும் இருக்க வேண்டும்.

குதிகாலைப் பிடிக்கும் பின்வார் கட்டாயம். மரத்த காலிலிருந்து ஹவாய் செருப்பு கழன்று விழுவதும், அது தெரியாமல் அவர் வெறுங்காலோடு நடந்துபோவதும் கதையல்ல. விரலிடுக்கில் மாட்டும் வார், கழன்றுவிடாதபடி விரல்களை இறுக்கிப் பிடிக்க வைக்கும். இடுக்கில் அறுத்துப் புண்ணும் ஆக்கும். வெல்க்ரோ வார் நல்லது, மாலையில் கால் வீங்கினால் தளர்த்திக்கொள்ளலாம். ஆணி அடித்துச் செய்த செருப்பு வேண்டாம், தைத்ததோ ஒட்டியதோ போதும். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது ஆணி அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அக்குபிரஷர் செருப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதன் புடைப்புகள் அழுத்தத்தைப் புள்ளிப் புள்ளியாகக் குவிக்கின்றன. உணர்வற்ற காலுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத செருப்பைச் செய்ய முடியாது. ‘ரத்த ஓட்டம் கூடும்’ என்று யார் பரிசளித்தாலும் போட வேண்டாம்.

எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் கால் நுழைக்கும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையால் தடவ வேண்டும். சோலையும் திருப்பிப் பார்க்க வேண்டும். சீமைக் கருவேல முள் கீழிருந்து ஏறி, பாதி உடைந்து, நுனி மட்டும் உள்ளே நிற்கும். கண்ணுக்குத் தப்பினாலும் கைக்குத் தப்பாது.

சாக்ஸ்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் செருப்பை வாங்குங்கள். சாக்ஸால் அழுத்தம் ஓரளவுதான் குறையும். மூடிய ஷூ போட்டால் சாக்ஸ் அவசியம், ஆனால் அது ‘டயாபடிக்’ சாக்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் விரல் முனைத் தையல். சாக்ஸை உட்புறம் வெளியே திருப்பி, தையல் மேல் நகத்தை ஓட்டுங்கள். வரப்பு மாதிரி தட்டுப்பட்டால் அது நாள் முழுக்க விரல் கணுவில் உரசும். தையலில்லாதது கிடைக்காவிட்டால், இருப்பதையே உட்புறம் வெளியே வருமாறு போடலாம். அடுத்து எலாஸ்டிக். மாலையில் கழற்றும்போது கெண்டைக்காலில் ஆழமாக வளையம் பதிந்திருந்தால் அது இறுக்கம். கத்தரியால் எலாஸ்டிக்கை இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிட்டுப் போடுபவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஆகும், ஆனால் தளர்ந்த சாக்ஸ் ஷூவுக்குள் சுருண்டு மடிப்பாகும். மடிப்பும் ஒரு அழுத்தம்தான்.

நிறம் வெள்ளையாகவோ வெளிறியதாகவோ இருக்கட்டும். ரத்தமோ சீழோ கசிந்தால் கறை முதலில் சொல்லிவிடும். கறுப்புச் சாக்ஸில் அது தெரியாது.

நூலில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. சுத்தப் பருத்திதான் சிறந்தது என்று நினைக்கிறோம். பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும், உறிஞ்சியதை விடாமல் வைத்துக்கொள்ளவும் செய்யும். மே மாத வேலூர் வெயிலில் மூடிய ஷூவுக்குள் அது ஈரத்துணிதான். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும். பருத்தியோடு அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர் கலந்தது வேகமாக உலரும். தோல் பதனிடும் இடங்களில் கம்பூட்டோடும், ஷூ கம்பெனிகளில் மூடிய ஷூவோடும் நாள் முழுக்க நிற்பவர்கள் எந்த நூலானாலும் இன்னொரு ஜோடி எடுத்துப்போய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றிக்கொள்வது நல்லது. விரலிடுக்கைத் துடைத்து உலர்த்திவிட்டு மாற்ற வேண்டும்.

நரம்புச் சுருளுக்காக (வெரிகோஸ் வெயின் எனும் ரத்தக்குழாய் வீக்கம்) போடும் இறுக்கமான கம்ப்ரஷன் சாக்ஸ் வேறு, இது வேறு. காலில் ரத்த ஓட்டம் குறைவாக இருப்பவர் மருத்துவர் சொல்லாமல் கம்ப்ரஷன் சாக்ஸ் போட்டால் இருக்கிற ஓட்டமும் குறையும். இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவதால் அட்டையைப் படித்து வாங்க வேண்டும். வெள்ளி இழை, மூங்கில் இழை என்ற விளம்பரங்களுக்காக அதிக விலை தர அவசியமில்லை. கிழிந்ததைத் தைத்துப் போட வேண்டாம்.

வீடு, வெயில், கோயில்

காலணி எவ்வளவு நல்லதானாலும் வாசலில் கழற்றிவிடுகிறோம். நம் ஊரில் உண்மையான சிக்கல் இங்கேதான். வெளியே நடப்பதைவிட வீட்டுக்குள் நடக்கும் அடிகள் பலருக்கு அதிகம். வீட்டுக்கென்று தனியாக, வெளியே போடாத ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். வெறும் சாக்ஸோடு நடப்பதும் காப்பல்ல, வழவழப்பான டைல்ஸில் வழுக்கவும் செய்யும்.

வெயில் காலத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். அப்போது மொட்டை மாடியும் கோயில் கல்தளமும் காற்றைவிட அதிகமாகக் கொதிக்கும். உணர்வுள்ளவர் துள்ளி ஓடும் இடத்தில் மரத்த கால் நிதானமாக நடக்கும், மறுநாள் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளமாக இருக்கும். பேருந்தில் இன்ஜின் பெட்டி மேல் காலை வைத்தும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தும் சுட்டுக்கொள்பவர்களும் உண்டு.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலானாலும், நட்சத்திர வடிவப் பாதையில் நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஸ்ரீபுரமானாலும், வெயில் ஏறும் முன் போய்வருவதே பாதுகாப்பு. நார் விரிப்பு போட்டிருந்தால் அதைவிட்டு இறங்க வேண்டாம். தடித்த துணிச் சாக்ஸ் போடலாமா என்று கோயிலில் கேட்டுப் பார்க்கலாம். அது முழுக் காப்பு இல்லை, ஆனால் வெறுங்காலைவிடப் பரவாயில்லை.

1989 வரை இதே வடாற்காட்டில் இருந்த திருவண்ணாமலையின் கிரிவலம் வேறு கணக்கு. 14 கிலோமீட்டர் தார்ச்சாலை. இரவில் நடந்தால் சூடு இருக்காது, ஆனால் மேலே சொன்ன மூன்றாவது வகை அழுத்தம் முழுதாக விழும். ஆறு விரல் சோதனையில் தோற்றவர்கள் வெறுங்காலோடு இதை நடப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வேண்டுதல் என்றால் காலணியோடு நடந்து, லிங்கம் ஒவ்வொன்றின் முன்பும் கழற்றிக் கும்பிட்டால் போதும்.

யாருக்கு எது?

1. உணர்வு மட்டும் குறைந்திருந்தால்: மேலே சொன்ன அளவுகளில் கடையில் கிடைக்கும் காலணி, நல்ல இன்சோல். 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை.
2. உணர்வுக் குறைவோடு விரல் கோணல் அல்லது ரத்த ஓட்டக் குறைவும் இருந்தால்: பாத அச்சு எடுத்துச் செய்த இன்சோலும் ஆழமான காலணியும். பரிசோதனை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை.
3. முன்பு புண் வந்து ஆறியிருந்தால், அல்லது விரல் எடுக்கப்பட்டிருந்தால்: உங்கள் காலுக்கென்றே மருத்துவமனையில் செய்தது மட்டும். 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஆறிய புண்களில் சுமார் 40 சதவீதம் ஓர் ஆண்டுக்குள் திரும்ப வருகின்றன.

புண் இப்போது திறந்திருக்கிறது என்றால் செருப்பு வாங்கும் பேச்சே இல்லை. அதற்கு வேண்டியது அந்த இடத்தில் எடையே விழாதபடி போடும் மாவுக்கட்டு போன்ற சிகிச்சை.

புதுக் காலணியை முதல் நாளே முழு நேரம் போடாதீர்கள். அரை மணி, பிறகு கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். அடிப்பாதம் தெரியக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம், வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். சிவப்பு இல்லையென்றால் மறுநாள் நேரத்தைக் கூட்டலாம். கழற்றி வெகுநேரமாகியும் சிவப்பு போகவில்லை என்றால் அந்தக் காலணி அந்தக் காலுக்குச் சரியில்லை.

வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றதைவிடத் தொட்டால் சூடாக இருந்தால், பழைய செருப்பு பற்றவில்லை என்று பெரிய அளவு வாங்கப் போய்விடாதீர்கள். மரத்த காலில் எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் சார்கோ என்ற நிலை இப்படித்தான் ஆரம்பிக்கும். தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. நடப்பதை நிறுத்தி, அன்றைக்கே மருத்துவமனையில் காட்டி எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டால் பாதத்தின் வடிவம் தப்பும்.